ஏழாவது சக்கர நாற்காலி

வேனில் ஆறு சக்கர நாற்காலிகள்தான் ஏறின. ஏழாவதைக் காணவில்லை.

1973, ஆகஸ்ட் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. காலை எட்டு மணிக்கே ராயப்பேட்டையின் அந்தச் சந்து முழுக்கக் கருணாகரனின் குரல் கேட்டது. சந்தின் கோடியில் இருந்த மலர்ச்சி இல்லத்தை நடத்துபவர் அவர். இளம்பிள்ளை வாதத்தில் கால்கள் விளங்காமல் போன ஏழு பெண்கள் அங்கே இருந்தார்கள். அவர்களுக்குச் சோறு, இடம், ஆளுக்கொரு சக்கர நாற்காலி எல்லாம் கொடுத்துப் பராமரிக்க அரசாங்கம் அவரோடு ஒப்பந்தம் போட்டிருந்தது. அடையாறில், கடற்கரைப் பக்கமாக, இதேபோல் இன்னோர் இல்லத்தையும் அவர் நடத்தி வந்தார்.

இல்லத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் மதில். ஒரே ஒரு கேட். சாவி காவலாளி வெள்ளைச்சாமியிடம். உள்ளே இருந்தவர்களில் ஒருவராலும் எழுந்து நிற்க முடியாது. அப்படியானால் நாற்காலி எப்படி வெளியே போனது?

சப்-இன்ஸ்பெக்டர் நல்லசிவம் வந்து சேர்ந்தபோது வெள்ளைச்சாமி கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழாத குறையாக நின்றிருந்தான்.

"இவன்தான் சார்," என்றார் கருணாகரன். "சாவி இவன் கைல. வித்துத் தின்னுட்டான். கூட்டிட்டுப் போய் நாலு தட்டுத் தட்டுங்க, தானா வரும்."

"கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"நேத்து சாயங்காலம். சமூக நலத்துறையில இருந்து மேடம் ஆய்வுக்கு வந்தாங்க. ஏழு பேரும் ஏழு நாற்காலில உக்காந்திருந்தாங்க. பாத்து சந்தோஷப்பட்டுட்டுப் போனாங்க."

"இப்ப வேன் எதுக்கு?"

"சர்வீஸுக்கு. எண்ணெய் போடணும், நட்டு முறுக்கணும். நேத்தே எடுத்திருப்பேன். வேன் மக்கர் பண்ணிடுச்சு."

"ஏழையும் ஒரே நாள்லயா?"

"ஆமா சார்."

"அது வரைக்கும் இவங்க?"

கருணாகரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு நாள்தானே. சமாளிச்சுக்குவாங்க. மூணு மணிக்குள்ள அந்த நாற்காலி எனக்கு வந்தாகணும். நீங்க இவனை விசாரிங்க முதல்ல."

நல்லசிவம் வெள்ளைச்சாமியைத் தனியே அழைத்தார்.

"நேத்து அந்த மேடம் போனப்புறம் யாராவது வந்தாங்களா?"

"ஒருத்தரும் வர்ல சார். கேட்டைப் பூட்டிக்கினு இங்கியேதான் குந்திக்கினு இருந்தேன். உள்ள ரேடியோதான் காதைப் பொளந்துச்சு. ஒரே சினிமாப் பாட்டு. இருட்டற வரைக்கும் விடல."

"தினமும் அப்படித்தானா?"

"தெர்ல சார், நேத்துதான் அப்டிப் போட்டாங்கோ." அவன் குரல் உடைந்தது. "நான் அத்த எட்த்து இன்னா பண்ணப் போறேன் சார்? எனக்குக் காலு நல்லாத்தானே கீது?"

நல்லசிவத்துக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு வேனுக்குள் எட்டிப் பார்த்தார். ஆறு நாற்காலிகளும் புத்தம் புதிதாக மின்னின. டயரில் வார்ப்பின்போது நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் முடிகள்கூட இன்னும் உதிரவில்லை. முன்பக்கத்துச் சின்னச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். விரலில் மணல் ஒட்டியது. வெளுத்த, சன்னமான மணல். ஊடே பொடிப்பொடியாகச் சிப்பித் துணுக்குகள்.

இல்லத்தின் வாசலில் அவர் குனிந்து பூட்ஸைக் கழற்றினார்.

"பரவாயில்ல சார், அப்படியே வாங்க," என்றார் கருணாகரன்.

"இவங்க தவழற தரை," என்று சொல்லிவிட்டு நல்லசிவம் வெறுங்காலோடு உள்ளே போனார்.

நிலைப்படி ஒரு சாண் உயரம் இருந்தது. அதைத் தாண்டும்போது கதவுச் சட்டத்தின் இரண்டு பக்கத்தையும் கையால் தடவிப் பார்த்தார். பச்சை பெயின்ட் ஒரு கீறல் இல்லாமல் வழவழவென்று இருந்தது.

கூடத்தில் பெண்கள் நூல் சுற்றிக்கொண்டிருந்தார்கள். கைத்தறிச் சங்கத்துக்காகக் கத்தரிப்பூ நிற நூல். பழைய சைக்கிள் சக்கரங்களை மரக் கட்டையில் பொருத்திச் செய்த ராட்டைகள் ஐந்து. மூன்று ராட்டைகள் சுற்றுக்கொருதரம் கிறீச்சிட்டன. மற்ற இரண்டும் எண்ணெயில் மிதப்பதுபோலச் சத்தமில்லாமல் சுற்றின. பஞ்சுத் துகள் காற்றில் பறந்து, பார்த்த இடமெல்லாம் கத்தரிப்பூ நிறத்தில் படிந்திருந்தது.

அவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். போலீஸ்காரர் தரையில் உட்காருவார் என்று எதிர்பார்க்காத பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ரேடியோ யாரோடது?"

"என்னோடது," என்றார் மூலையில் இருந்த ஐம்பது வயதுப் பெண்மணி. பெயர் பங்கஜம். மயிலாப்பூர்க்காரர். "எங்க அண்ணா டெல்லிக்குப் போறச்சே குடுத்துட்டுப் போனான்."

"பாட்டு கேப்பீங்களோ?"

"கச்சேரி மட்டுந்தான். சினிமாப் பாட்டு வெச்சா நேக்குத் தலைவலி வந்துடும். இவாள்ளாம் அதுக்குத்தான் என்னைத் திட்டிண்டிருப்பா."

யாரோ இருமினார்கள். பங்கஜம் தான் உட்கார்ந்திருந்த தடித்த காக்கித் துணி விரிப்பின்மேல் சற்று நகர்ந்து உட்கார்ந்தார்.

சத்தமில்லாத ராட்டை ஒன்றின் முன்னால் இருந்தவர் ஹாஜிரா பீ. நாற்பது வயது, அகலமான தோள்கள். அவர் தலைக்கு மேலே சுவரில் ஒரு போட்டோ. 'அக்பர் பாஷா சைக்கிள் கடை' என்ற பலகைக்குக் கீழே ஒரு பெரியவர். பக்கத்து ஸ்டூலில் இரட்டைப் பின்னலோடு ஒரு சிறுமி.

"உங்க அப்பாவா?"

"ஆமா சார். திருவல்லிக்கேணில கடை வெச்சிருந்தாரு. அந்த ஸ்டூல்லயேதான் வளந்தேன்."

"நாற்காலி பத்தி ஏதாவது தெரியுமா?"

"இன்னா தெரியும் சார்? நேத்து உக்காந்தோம். அப்புறம் எறங்குனோம். அவ்ளோதான்."

நல்லசிவம் பின்கட்டுக்குப் போனார். உட்கார்ந்தபடியே எட்டும் உயரத்தில் ஒரு கொடிக்கயிறு கட்டியிருந்தது. அதில் ஒரு துணிகூட இல்லை. பக்கத்தில் தாழ்வான இரும்புக் குழாய்ச் சட்டம் ஒன்றின் மேல் புடவைகளும் உள்பாவாடைகளும் குவியலாகக் காய்ந்தன. கனகாம்பரப் பாத்தியின் முன்னால் இருபது வயதுப் பெண் ஒருத்தி பூப் பறித்துக்கொண்டிருந்தாள். பெயர் ஷம்ஷாத். அவரைப் பார்த்ததும் கையிலிருந்த பூவை நழுவவிட்டாள்.

"வெள்ளைச்சாமி அண்ணனைக் கூட்டிட்டுப் போகப் போறீங்களா சார்?"

"கூட்டிட்டுத்தான் போகணும்மா. புகார் கொடுத்திருக்காங்களே."

அவள் முகம் வெளுத்துப் போனது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஜன்னலுக்குள்ளிருந்து ஹாஜிரா பீயின் குரல் வந்தது. "ஷம்ஷாத், உள்ள வா."

ஸ்டேஷனில் நல்லசிவம் வெள்ளைச்சாமியை பெஞ்சில் உட்கார வைத்து டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார். பிறகு சமூக நலத்துறைக்குப் போன் போட்டார். ஆய்வு அதிகாரி ஜெயபாரதியே எடுத்தார். இளம் குரல், அவசரமான குரல்.

"ஏழு நாற்காலி. நானே பார்த்தேன். நல்லா வெச்சிருந்தாங்க."

"நீங்க வரப்போறது அவங்களுக்கு முன்னாடியே தெரியுமா மேடம்?"

"தெரியும். முன்கூட்டியே தேதி சொல்லிடுவோம். அதான் நடைமுறை."

"அவங்க யாராவது உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?"

"இல்லை. கேட்டேன். எல்லாரும் நல்லா இருக்கோம்னாங்க. கருணாகரன் சார் பக்கத்துலயேதான் இருந்தார்."

"அடுத்த ஆய்வு எங்க மேடம்?"

"அவரோட அடையாறு இல்லம். இன்னிக்கு மத்தியானம் மூணு மணிக்கு."

"அங்க எத்தனை பேர்?"

"ஏழு பேர்," என்றார் ஜெயபாரதி. பிறகு, "சார், நீங்க எதுக்கு இதைக் கேக்கறீங்க?" என்றார் மெதுவாக.

"மூணு மணிக்கு அங்க வரேன் மேடம். அதுக்கு முன்னாடி அவர்கிட்ட எதையும் கேட்டுடாதீங்க."

நண்பகலில் வெள்ளைச்சாமியோடு அவர் இல்லத்துக்குத் திரும்பினார். இந்த முறை கருணாகரன் இல்லை. வெள்ளைச்சாமியைக் கண்டதும் கூடமே நிமிர்ந்தது.

"அடிச்சாங்களாண்ணே?" என்று ஷம்ஷாத் கத்தினாள்.

"பன்னு வாங்கிக் குடுத்தாரும்மா," என்றான் வெள்ளைச்சாமி, இன்னும் நம்ப முடியாதவனாக.

ஹாஜிரா பீ ராட்டையை நிறுத்தினார். "சார், அந்த ஆளை விட்டுடுங்க. நான் ஒண்ணு சொல்லணும்."

"இருங்கம்மா. நான் சொல்லிப் பாக்கறேன். தப்பா இருந்தா திருத்துங்க." நல்லசிவம் மறுபடி தரையில் உட்கார்ந்தார். "நாற்காலி இந்த வீட்டை விட்டு வெளியவே போகல. இங்கதான் இருக்கு. துண்டு துண்டா இருக்கு."

மற்ற ராட்டைகளும் ஒவ்வொன்றாக நின்றன.

"மூணு ராட்டை கத்துது, ரெண்டு கத்தல. கத்தாத ரெண்டு சக்கரத்துலயும் புது பால்பேரிங். ஓரத்துல அஞ்சாறு ஓட்டை வேற இருக்கு. கையால தள்ளறதுக்கு இன்னொரு வளையம் வெச்சிருப்பாங்களே, அதைக் கழட்டின ஓட்டை. பின்னாடி கொடிக்கயிறு காலியா இருக்கு. துணியெல்லாம் குழாய்ச் சட்டத்து மேல காயுது. அது நாற்காலியோட உடம்பு. உக்கார்ற கான்வாஸ்..." அவர் பங்கஜத்தைப் பார்த்தார்.

"எழுந்துக்க முடியாதவாளை எழுந்துக்கோன்னா சொல்றேள்?" என்றார் பங்கஜம் மிடுக்காக. ஆனால் முகம் சிவந்துவிட்டது.

"வேண்டாம்மா, உக்காந்திருங்க. சுத்தியல் சத்தம் வெளிய கேக்கக் கூடாதுன்னு தலைவலியைப் பொறுத்துக்கிட்டு சினிமாப் பாட்டு வெச்சீங்களே, அது பெரிய விஷயம். கழட்டினது யாருன்னு நான் தேட வேண்டியதே இல்ல. சைக்கிள் கடை ஸ்டூல்ல வளந்தவங்க இந்த வீட்டுல ஒருத்தர்தான்."

ஹாஜிரா பீ கையை நீட்டினார். நகக்கண்ணில் கறுப்பாக மசகு. "என்னை இட்டுக்கினு போங்க. இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"எனக்குத் தெரியும்," என்றார் பங்கஜம்.

"எனக்கும்," என்றாள் ஷம்ஷாத். மற்ற நான்கு பேரும் அதையே சொன்னார்கள்.

நல்லசிவம் சிரித்துவிட்டார். "எப்படி எடுத்தீங்கன்னு தெரிஞ்சிடுச்சு. ஏன்னுதான் தெரியல. உங்க நாற்காலியை நீங்களே ஏன் ஒளிச்சு வெக்கணும்?"

"எங்க நாற்காலியா?" ஹாஜிரா பீயின் குரல் உயர்ந்தது. "அந்த மேடம் வர்ற அன்னிக்குக் காலைல வேன்ல வரும். சாயங்காலம் வேன்ல போய்டும். நடுவுல நாங்க பொம்மை மாதிரி உக்காந்திருக்கணும். நேத்துதான் வேன் மக்கர் பண்ணி ஒரு ராத்திரி இங்க தங்குச்சு. ஏழும் வேணாம், ஒண்ணே ஒண்ணு போதும்னுதான் சார் கழட்டுனேன். ஷம்ஷாத்துக்கு."

ஷம்ஷாத் தரையைப் பார்த்தபடி பேசினாள். "நான் டெலிபோன் ஆபரேட்டர் ட்ரெய்னிங் முடிச்சிருக்கேன் சார். தி. நகர்ல ஒரு ஜவுளிக்கடைல ஆள் கேட்டிருக்காங்க. திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. அவ்ளோ பெரிய கடை. ஜனம் நடந்துகினே இருக்கும். எல்லார் காலுக்கு நடுவுல தவழ்ந்து போயா சார் வேலை கேக்கறது?"

நல்லசிவம் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"மேடத்துகிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா ஆத்துக்கு அனுப்பிடுவேன்னார் அந்த மனுஷன்," என்றார் பங்கஜம். "எந்த ஆத்துக்கு அனுப்புவார்? வேண்டாம்னு கொண்டுவந்து விட்ட ஆத்துக்கா?"

"வெள்ளைச்சாமி மேல பழி விழும்னு நாங்க நெனைக்கல சார்," என்றார் ஹாஜிரா பீ. "அது தப்புதான்."

"அதை அவன்கிட்ட சொல்லிடுங்க. மத்தபடி, அரசாங்கம் உங்களுக்குன்னு வாங்கிக் கொடுத்த பொருள் உங்க வீட்டுக்குள்ளயே இருக்கு. இதுல திருட்டு எங்கம்மா இருக்கு?" அவர் எழுந்தார். "திருட்டு வேற இடத்துல நடந்திருக்கு. அதை நிரூபிக்க எனக்கு அந்த நாற்காலி வேணும். கூடவே அதுல உக்காந்து ஒருத்தர் வரணும். பயமா இருந்தா வேண்டாம்."

ஷம்ஷாத் நிமிர்ந்தாள். "திரும்ப மாட்ட எவ்ளோ நேரம் ஆகும் ஹாஜிராக்கா?"

"டீ போடச் சொல்லு. ஆறறதுக்குள்ள முடிச்சிடறேன்."

சொன்னபடியே முடித்தார். டயர்கள் மட்டும் கனகாம்பரப் பாத்தியைச் சுற்றிப் புதைந்து கிடந்தன. அவற்றை வெள்ளைச்சாமி தோண்டி எடுத்துத் தந்தபோதுதான், காலையில் தான் அந்தப் பாத்தியருகே நின்றும் அதைக் கவனிக்கவில்லை என்பது நல்லசிவத்துக்குப் புரிந்தது. பெண்கள் அதற்காக அவரைக் கேலி செய்யத் தயங்கவில்லை.

பிற்பகல் மூன்று மணி. அடையாறு இல்லத்தின் கூடத்தில் ஆறு பெண்கள் மின்னும் ஆறு நாற்காலிகளில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். ஏழாவது பெண் பாயில் கழுத்து வரை போர்த்திப் படுத்திருந்தாள்.

"அவங்களுக்குக் காய்ச்சல் மேடம்," என்று ஜெயபாரதியிடம் கருணாகரன் சொல்லிக்கொண்டிருந்தார். "நாற்காலியை சர்வீஸுக்கு அனுப்பியிருக்கேன். மத்தபடி ஏழும்..."

வாசலில் ஜீப் நின்றது. வெள்ளைச்சாமியும் டிரைவரும் எதையோ தூக்கிப் படிக்கு மேலே வைத்தார்கள். ஷம்ஷாத் தன் கைகளாலேயே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். கதவுச் சட்டத்தில் முட்டியது. பின்னுக்கு வாங்கி, மறுபடி தள்ளி, கூடத்தின் நடுவில் வந்து நின்றாள்.

"ஏழாவது இதோ இருக்கு சார்," என்றார் நல்லசிவம், பூட்ஸைக் கழற்றியபடி.

கருணாகரனின் உதடு ஒரு பக்கமாகச் சிரிக்க முயன்றது. "கிடைச்சிடுச்சா? ரொம்ப சந்தோஷம். அதை ராயப்பேட்டைக்கே..."

"ராயப்பேட்டை நாற்காலி எல்லாம் சர்வீஸுக்குப் போயிருக்குன்னீங்களே. எந்தக் கடை?"

நல்லசிவம் குனிந்து, பக்கத்து நாற்காலியின் அச்சில் சிக்கியிருந்ததை இரண்டு விரலால் உருவினார். ஜெயபாரதியின் உள்ளங்கையில் வைத்தார். கத்தரிப்பூ நிறப் பஞ்சு.

"இங்க என்ன வேலைம்மா செய்யறீங்க?" என்று பாயில் இருந்தவளைக் கேட்டார்.

"காகிதக் கவர் ஒட்டறோங்க."

"நூல்?"

"நூலா? இல்லீங்களே." அவள் போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தாள். "எனக்குக் காய்ச்சலும் இல்லீங்க. படுத்துக்கச் சொன்னாரு."

"காலைல ராயப்பேட்டைல இந்தச் சக்கரங்கள்ல கடற்கரை மணல் இருந்தது," என்றார் நல்லசிவம். "அந்தச் சந்துல ஏது கடற்கரை? அங்க கதவுச் சட்டத்துல ஒரு கீறல் கிடையாது. நாற்காலி புழங்கற வீட்டுல அது நடக்காத காரியம். இப்ப ஒரு தடவை வந்ததுக்கே இங்க பெயின்ட் போயிடுச்சு, பாருங்க. ஒரே ஒரு நாற்காலி காணாம போனதுக்கு இவர் ஏன் காலங்காத்தால அப்படித் துடிச்சாருன்னு யோசிச்சேன். மூணு மணிக்கு இங்க ஏழு வேணும். இவர்கிட்ட மொத்தமா இருந்ததே ஏழுதான். கருணாகரன், காணாமப் போனது ஒண்ணு இல்ல, ஏழு. எடுத்தது நீங்க."

"உடைச்சிடுவாங்கன்னு பத்திரமா ஷெட்டுல வெச்சிருந்தேன் சார்..."

"போன தடவை ரெண்டு இடத்துலயும் பார்த்துட்டுப் பதினாலுன்னு நான் எழுதினேன்," என்றார் ஜெயபாரதி. குரல் நடுங்கியது. அது கோபமா, அவமானமா என்று அவருக்கே தெரியவில்லை. "இருந்தது ஏழு. பதினாலுக்கும் எங்ககிட்ட பணம் வாங்கிட்டீங்க."

அவர் ஷம்ஷாத்தின் பக்கம் வந்து, கால்மாற்றி நின்று, பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்தார். இப்போது ஷம்ஷாத் அவரைவிட உயரத்தில் இருந்தாள்.

"நேத்து உங்களை 'நல்லா இருக்கீங்களா'ன்னு கேட்டேன். தப்பான கேள்வி. இப்பக் கேக்கறேன். ஒரு நாள் முழுக்க நீங்க எப்படிப் போறீங்க, வரீங்கன்னு சொல்லுங்க."

ஷம்ஷாத் கருணாகரனைப் பார்த்தாள். பிறகு அவருக்கு முதுகு தெரியும்படி நாற்காலியைத் திருப்பிக்கொண்டு சொல்லத் தொடங்கினாள்.

கருணாகரனின் ஒப்பந்தம் ரத்தானது. வழக்கு நடந்தது. இரண்டு இல்லங்களையும் துறையே ஏற்றுக்கொண்டது. மீதி ஏழு நாற்காலிகள் வந்து சேரப் பல மாதங்கள் ஆயின. அதுவரை இருந்ததை இரண்டு வீட்டுக்காரர்களும் முறை வைத்துப் பங்கிட்டுக்கொண்டார்கள், நிறைய சண்டையோடு. ஜெயபாரதி அதன்பின் தேதி சொல்லி வந்ததில்லை. ஒருநாள் காலையில் வருவார். ஒருநாள் சாப்பாட்டு வேளையில் வருவார். பங்கஜத்தின் ரசத்துக்காகத்தான் வருகிறார் என்று ஹாஜிரா பீ அவர் காதுபடவே சொன்னார்.

செப்டம்பரில் ஒரு காலை, ராயப்பேட்டை ஸ்டேஷனில் போன் அடித்தது. நல்லசிவம் எடுத்தார்.

"சப்-இன்ஸ்பெக்டர் நல்லசிவம் சாரா? தி. நகர்ல இருந்து பேசறோம். லைன்ல இருங்க சார்."

இருந்தார். 'டக்' என்று ஒரு சத்தம். மறுபடி அதே குரல். "பேசுங்க சார்."

"யார்கிட்ட பேசணும்?"

"என்கிட்டதான் சார்." குரலில் சிரிப்பு பொங்கியது. "ஷம்ஷாத். இன்னிக்கு மொத நாளு. லைன் சரியா இருக்கான்னு யாருக்காச்சும் போட்டுப் பாருன்னாரு முதலாளி."

"சாப்பிட்டியாம்மா?" என்றார் நல்லசிவம்.

"இன்னும் இல்ல சார். நீங்க..." பின்னால் ஒரு மணி கணகணத்தது. உடனே அவள் குரல் மாறியது. "வேற லைன் வருது சார். வெச்சுடறேன்."

வைத்துவிட்டாள்.